பாரிசவாதமும் இரத்த அழுத்தமும்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களிலே, ஒருவருக்குத் திடீரெனக் கையும் காலும் விழுந்துவிட்டால், காற்றுச் சேட்டை என்று கருதி மந்திரிக்கச் செல்வோர் இன்றும் உளர். பாரிசவாதத்தின் பிறப்பிடமோ மூளை. அங்கே செல்லும் குழாயை உறைந்த இரத்தக் கட்டி அடைப்பதாலோ, குழாய் வெடித்து இரத்தம் கசிவதாலோ அது விளைகின்றது. இதயத் துடிப்பு ஒழுங்கு தவறினும் அத்தகைய கட்டி தோன்றலாம்.

பல நாடுகளில் நிகழ்ந்து 2010இல் வெளியான 'இன்டர்ஸ்ட்ரோக்' ஆய்வு, காரணங்களுள் முதலிடத்தை உயர் இரத்த அழுத்தத்துக்கே அளித்தது. புகைத்தல், நீரிழிவு, மிகுமது ஆகியவையும் அப்பட்டியலில் உள்ளன. மலையேறிக் கொழுந்து பறிப்பவருக்கும் விடியலில் பால் வெட்டுபவருக்கும் உடலுழைப்பில் குறைவில்லை. ஆயினும் உழைப்பு மட்டும் காப்பாகாது.

உயர் அழுத்தம் பெரும்பாலும் நோவு தருவதில்லை. நோவில்லை என்பதாலும், கிளினிக்குக்குச் சென்றால் ஒரு நாட்பேர் போய்விடும் என்பதாலும் மாத்திரையை இடைநிறுத்துவோர் உண்டு. இலங்கை, பாகிஸ்தான், வங்காளதேசக் கிராமங்களில் நிகழ்ந்து 2020இல் வெளியான ஆய்விலே, சுகாதாரப் பணியாளர் வீடு தேடிச் சென்று அழுத்தம் அளந்து அறிவுரை கூறினர். மருத்துவரும் அதற்கெனப் பயிற்சி பெற்றனர். அங்கே அழுத்தம் கூடுதலாகத் தணிந்தது. கிராமத்தில் இயன்றது லயத்திலும் இயலும்.

முகம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால் உடனே 1990 என்னும் இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். கட்டியைக் கரைக்கும் மருந்து நாலரை மணி நேரத்துக்குள் ஏற்றப்படல் வேண்டும். மலைப்பாதை நீண்டது, மந்திரிப்பதில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கு நட்டமே.