பேழைக்குச் சக்கரம்



சில ஆண்டுகளுக்கு முன், பென்னலூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு நன்னெறிப் பாடம் எடுத்தேன். நோவாவின் கதையைச் சொல்லி, பேழையை வரையச் சொன்னேன். எல்லோரும் புத்தகத்திலிருந்த படகைப் பார்த்து வரைந்தார்கள். ஒரு பையன் மட்டும் லாரி வரைந்திருந்தான். ஒரகடத்திலிருந்து புதுக் கார்களை மேலும் கீழுமாக அடுக்கிக்கொண்டு நம் நெடுஞ்சாலையில் போகுமே, அந்த நீளமான ட்ரெய்லர். கார் நிற்க வேண்டிய இடத்தில் யானை, மாடு, ஆடு, எல்லாம் ஜோடி ஜோடியாக!

“பேழை வரையச் சொன்னா லாரியா?” என்று சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டேன். வகுப்பே சிரித்தது. அடுத்த வாரம் அவனும் புத்தகப் படகை அப்படியே வரைந்து வந்தான். ‘வெரி குட்’ போட்டேன். சிவப்புக் கோட்டைவிட அந்த வெரி குட்டுக்குத்தான் இன்று அதிகம் வெட்கப்படுகிறேன்.

தொடக்கநூல் ஆறாம் அதிகாரத்தைப் பின்பு ஒரு நாள் எடுத்தபோதுதான் உறைத்தது. பேழைக்குக் கீழ், நடு, மேல் என மூன்று தளங்கள் அமைக்கச் சொல்கிறார் கடவுள். வகுப்பில் அதைச் சொன்னதும் நான்தான். தளம் தளமாக அடுக்கிய வண்டியை அந்தப் பிள்ளை வேறெங்கே பார்த்திருப்பான்? அவன் அப்பா ஓட்டுவதே அதுதான். மற்றவர்கள் படத்தைப் பார்த்தார்கள். இவன் கதையைக் கேட்டிருக்கிறான்.

பிள்ளையின் மனத்துக்கு வகுப்பில் இடம் கொடுக்க நம் மாநிலமே ஒருமுறை துணிந்தது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13-இல் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார், ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளி முறையை அடியொற்றி அதைக் கொண்டுவந்தார். 2007-இல் அது மாநிலமெங்கும் பரவியது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. ஆசிரியரும் தரையில் உட்கார்ந்தார். பிள்ளைகள் அட்டைகளை எடுத்து, அவரவர் வேகத்தில் படித்தார்கள். சுவரின் அடியில் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை, அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஓர் இடம்.

குறை இல்லாமல் இல்லை. அட்டைகளை வரிசையாக முடிப்பதே படிப்பு என்று ஆகிவிட்ட வகுப்புகளும் உண்டு. பெற்றோருக்கோ வேறு கவலை: “ஒரே சத்தம், ஹோம்வொர்க்கும் இல்லை.” நைட் ஷிப்டு முடிந்து வரும் அப்பாவுக்கு, நோட்டு நிறைந்திருந்தால்தான் நிம்மதி. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கீழ்மட்டக் கரும்பலகை எனக்கு மிகவும் பிடிக்கும். பிள்ளை எழுதியதைப் படிக்க ஆசிரியர் குனிந்தே ஆக வேண்டும்!

அன்பர்களே, விலங்குகளைப் படைத்தவருக்கு அவற்றுக்குப் பெயர் வைக்கத் தெரியாதா? இருந்தும் அவற்றை ஆதாமிடம் கொண்டுவந்து, இவன் என்ன பெயரிடுவான் என்று பார்த்திருந்தார். அவன் வைத்ததே பெயராக நிலைத்தது. கடவுளே பொறுத்திருந்தார், எனக்கு இரண்டு நிமிடம் பொறுக்கவில்லை.

பிழையைத் திருத்தாதீர்கள் என்று சொல்லவில்லை. கணக்கு தப்பு என்றால் தப்புதான். பேனாவை எடுக்கும் முன், “இது என்னப்பா, ஏன் இப்படிப் போட்டே?” என்று கேளுங்கள். ஆசிரியர்களுக்கு மட்டுமல்ல, இன்று மாலை வீட்டில் நோட்டைப் புரட்டப் போகும் அம்மா அப்பாவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நானும் தாமதமாகக் கேட்டேன். அதற்குள் அவன் நான்காம் வகுப்புக்குப் போயிருந்தான். முதலில் பேசவே தயங்கினான். பிறகு மெதுவாகச் சொன்னான்: “வெள்ளம் வடிஞ்சதும் பேழை மலை மேல நின்னுடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க, ஃபாதர்? அப்புறம் யானையெல்லாம் எப்படிக் கீழே இறங்கும்? அதான் சக்கரம் போட்டேன்.”