மங்கிய ஒளியைச் சேர்த்தெடுப்போம்

 

பண்டமாரானில் இருந்துகொண்டு நெபுலாக்களைப் படம் பிடிக்கிறோம் என்றால், "இங்கே நட்சத்திரமே தெரியவில்லையே?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒரு பக்கம் போர்ட் கிள்ளான் விளக்குகள். மறுபக்கம் கோலாலம்பூர் வரை நகர வெளிச்சம். இருந்தும் முடிகிறது.

நெபுலா என்பது விண்மீன்களுக்கு இடையே பரந்து கிடக்கும் வாயுவும் தூசியும். ஒளிரும் வாயுவுக்குத் தனி நிறங்கள் உண்டு. ஹைட்ரஜன் ஒரு குறிப்பிட்ட சிவப்பிலும், ஆக்சிஜன் ஒரு நீலப்பச்சையிலும் ஒளிரும். அந்த நிறத்தை மட்டும் உள்ளே விடும் வடிகட்டியைக் கேமராவில் பொருத்தினால், தெருவிளக்கின் வெளிச்சம் பெரும்பாலும் தடுக்கப்பட்டுவிடும். பிறகு ஐந்து நிமிடப் படங்களாகப் பல இரவுகள் எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறோம். படத்திலுள்ள புள்ளிக் குறைகள் இடம் மாறி மாறி விழும். நெபுலா மட்டும் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கும். சராசரி எடுக்கும்போது குறைகள் அடங்கி, நெபுலா மெல்லத் தெரியவரும். தெளிவு இரண்டு மடங்காக வேண்டுமானால், படங்கள் நான்கு மடங்கு வேண்டும்.

நமக்கென்று ஒரு சிரமமும் உண்டு. தொலைநோக்கியைச் சுழற்றும் பீடம் வானத்தின் துருவத்தை நோக்கி நிற்க வேண்டும். நாம் இருப்பதோ பூமத்திய ரேகைக்கு 3 பாகை வடக்கே. துருவ நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டியே கிடப்பதால் பக்கத்து வீட்டுக் கூரையே அதை மறைத்துவிடும். ஆகவே ஒரு விண்மீன் எந்தப் பக்கம் நழுவுகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் பீடத்தைச் சரிசெய்கிறோம்.

மங்கலானதைக் கவனித்து எழுதிவைப்பது நம் முன்னோருக்குப் புதிதல்ல. 964-ஆம் ஆண்டில் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, தம் விண்மீன் நூலில் ஆந்த்ரமேடா மண்டலத்தில் ஒரு சிறு மேகத்தைக் குறித்தார். அதைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய குறிப்பு அதுவே. அது ஏறத்தாழ 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் உள்ளது. அது தனி விண்மீன் திரள் என்பதை 1920-களில் எட்வின் ஹப்பிள் காட்டினார்.

அதன் பிறகு அந்த இடத்தை எத்தனையோ பெரிய தொலைநோக்கிகள் படம் பிடித்துவிட்டன. ஆனால் அதன் அருகே நீண்டு கிடந்த ஆக்சிஜன் வாயுவின் வளைவு ஒன்றை, 2022-இல் டிரெக்ஸ்லர், ஸ்ட்ரோட்னர், செயிந்தி என்ற மூன்று பொழுதுபோக்கு வானியலாளர்களின் படங்களே முதன்முதலில் காட்டின. அவர்களின் தொலைநோக்கி வெறும் 10.6 சென்டிமீட்டர் அகலம். சேர்த்த ஒளியோ நூறு மணி நேரத்துக்கும் மேல்.

ஒன்று மட்டும் மனத்தை உறுத்துகிறது. வடிகட்டி கேமராவுக்கு உதவும். பிள்ளைகளின் கண்ணுக்கு உதவாது. அஸ்ஸூஃபி வெறுங்கண்ணால் கண்ட மேகத்தை, இங்கே வளரும் பிள்ளை வாசலில் நின்று பார்க்க முடியாது. ஓதப் போகும் பிள்ளைக்கு 'ரிஜ்ல்' என்றால் கால் என்று தெரியும். ரைஜல் என்ற விண்மீனின் பெயர் அதிலிருந்து வந்தது என்பதை வானத்தைக் காட்டி யார் சொல்லித்தருவது?

பிறை பார்க்க மலாவாத்தி குன்றுக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். அதுபோல ஆண்டுக்கு ஒரு முறை, பள்ளி விடுமுறையில், இருட்டான இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோம். தொலைநோக்கியை நாங்கள் கொண்டுவருகிறோம். வீட்டு வாசல் விளக்குகளைக் கீழ்நோக்கித் திருப்புங்கள், தேவையில்லாதபோது அணையுங்கள். அடுத்த ஐம்பது ஆண்டில் இந்தச் சங்கத்துப் பிள்ளைகளின் பெயரும் ஒரு கண்டுபிடிப்பில் வரட்டும், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.