ஓட்டை எங்கே?

(மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



எண்ணெய்க் கிணறு பற்றிப் பேசச் சொன்னார்கள். பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்காங்க. அதனால் ஒரே ஒரு கிணற்றின் கதையைச் சொல்கிறேன்.

நம்ம ஊர் போர்வெல்லில் மண் சரியாமல் இருக்கக் குழாய் இறக்குவோமே, எண்ணெய்க் கிணற்றிலும் அப்படித்தான். பெயர் கேசிங். எஃகுக் குழாய், அதைச் சுற்றி சிமென்ட். அது ஓட்டையானால் எண்ணெயும் வாயுவும் வழியிலுள்ள நிலத்தடி நீரில் கலந்துவிடலாம்.

வளைகுடாவில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். ஒரு பழைய கிணற்றின் 7 அங்குலக் கேசிங்கில் 1,500 பி.எஸ்.ஐ. அழுத்தம் ஏற்றிச் சோதித்தோம். அரை மணியில் 1,380-க்கு இறங்கிவிட்டது. "மேலே வால்வு கசியுதுப்பா, கையெழுத்தைப் போடு"ன்னார் மேலதிகாரி. பேனாவைத் திறந்துட்டேன், பொய் சொல்லக் கூடாது. அப்புறம் ஏதோ உறுத்தியது. "வால்வைத் தனியாச் சோதிச்சுடறேன் சார்" என்றேன். வால்வு அசையாமல் தாங்கியது. ரெண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை.

ஓட்டையை அடைப்பதைவிடக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. அடியில் பிளக் வைத்து, பேக்கரை ஓர் ஆழத்தில் விரித்து, மேல் பகுதியை அழுத்திப் பார்ப்போம். தாங்கினால் ஓட்டை கீழே. இப்படிப் பாதி பாதியாகக் குறைத்து 642 மீட்டருக்கு வந்து சேர மூன்று நாள். அங்கே வெளியே உப்புநீர்ப் படுகை. சிமென்ட் அந்த மட்டம் வரை ஏறவே இல்லை. குழாயை வெளியிலிருந்து அரித்திருந்தது.

முதலில் சிமென்ட்டை அழுத்தி ஓட்டைக்குள் செலுத்தினோம். இறுகியதும் உள்ளே தங்கியதைத் துளைத்தெடுத்துச் சோதித்தால், மறுபடி இறங்குது! துருவில் மெலிந்த குழாய் அப்படித்தான். ஒன்றை அடைத்தால் அந்த அழுத்தத்திலேயே பக்கத்தில் இன்னொன்று வாய் திறக்கும்.

பிறகு பேட்ச். புடவைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பான மெல்லிய எஃகுக் குழாய், அதன்மேல் எபாக்சி பசையில் ஊறிய கண்ணாடி இழைத் துணி. ஓட்டைக்கு நேரே இறக்கி, உள்ளே ஒரு கூம்பை இழுத்தால் மடிப்பு விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். சோதனை தாங்கியது. ஆனால் 6.184 அங்குல உள்விட்டத்தில் ஏறத்தாழ 0.3 அங்குலம் போச்சு. வெளியிலிருந்து வரும் அழுத்தத்தையும் அது அவ்வளவாகத் தாங்காது. (இப்போது மடிப்பில்லாமல் விரியும் குழாய்கள் வந்துவிட்டன, வலுவும் கூடுதல்.)

கிணற்றுப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினேன்: "642 மீட்டரில் பேட்ச். முழு அளவு பேக்கர் இறங்காது." மேலதிகாரி வாங்கிப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.