சொந்த லாரி: வாங்குமுன் எண்ணுவோம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கலம்போலி இரும்புச் சந்தையையும் நவசேவாத் துறைமுகத்தையும் நம்பி லாரி ஓட்டும் குடும்பங்கள் நம் காலனியில் பல. "எத்தனை காலம் பிறர் வண்டியை ஓட்டுவது? சொந்தமாக ஒன்று வாங்கினால் என்ன?" என்பதே அவ்வீடுகளில் இன்றைய பேச்சு. அதுபற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் எங்களைப் பணித்தனர். அண்ணன் தம்பியராகிய நாங்கள் ஒரு லாரியை வாங்கி இழந்தவர்கள். மற்றொன்றை வாங்கிக் காப்பாற்றியவர்கள்.

2016 ஆம் ஆண்டு ஆவணியில் முதல் வண்டியை வாங்கினோம். அன்னையின் நகையும் பத்தாண்டுச் சேமிப்பும் முன்பணமாயின. ஓட்டத் தெரியும், வழி தெரியும், வேறென்ன வேண்டும் என்று இறுமாந்திருந்தோம். நவம்பர் 8 ஆம் நாள் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லா என அறிவிக்கப்பட்டன. சரக்கு குறைந்தது, வண்டி நின்றது. ஆனால் தவணை நிற்கவில்லை. மூன்று தவணை தவறியதும் கடன் கொடுத்தவர்கள் வண்டியை எடுத்துச் சென்றனர். தவணைத் தொகை இன்னதென்று வீட்டுப் பெண்களுக்கு அதுவரை நாங்கள் சொன்னதே இல்லை. அன்றிரவு அன்னையின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க எங்களால் இயலவில்லை.

காலத்தைக் குறை கூறிப் பயன் என்ன? பிழை எங்கள் கணக்கில் இருந்தது. வாடகையை வருமானம் என்று எண்ணிவிட்டோம்.

கணக்கைப் பாருங்கள். இங்கிருந்து சங்ககிரி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். பாரத்துடன் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் 300 லிட்டர் டீசல்; லிட்டர் 90 ரூபாய் எனக் கொண்டால் 27,000 ரூபாய். திரும்பும்போது லோடு கிடைக்காமல் வெறும் வண்டியாக வந்தாலும், லிட்டருக்கு 5 கிலோமீட்டர் வீதம் 21,600 ரூபாய் கரையும். சுங்கச் சாவடியோ வெறும் வண்டிக்கென்று சலுகை காட்டாது. இவற்றோடு கமிஷன், டயர், இன்சூரன்ஸ், எப்.சி., பெர்மிட், கிளீனர் சம்பளம், தவணை. இறுதியாக, ஓட்டுகின்ற நமக்கும் ஒரு சம்பளம் எழுதவேண்டும். அதையும் கழித்து மிஞ்சுவதே இலாபம். மிஞ்சாவிடில் நாம் முதலாளி அல்ல, சம்பளமில்லாத டிரைவர்.

நெருக்கடி வந்தால் இரண்டு ஆசைகள் தோன்றும். ஒன்று, அதிக பாரம் ஏற்றுவது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதற்கு அபராதம் 20,000 ரூபாய். மிகைப்படும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. மற்றொன்று, உறக்கத்தை விற்று நடையைக் கூட்டுவது. மோட்டார் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரமே வேலை என்று 1961 ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. தனக்குத் தானே முதலாளியானவனிடம் "போதும், உறங்கு" என்று சொல்வார் யார்?

தாய்மார்கள் ஒன்றை நினைவிற் கொள்க. உரிமையாளரே ஓட்டுநராயின் அவருக்கு 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு. ஆனால் வண்டி அவர் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமமும் நடப்பில் இருக்க வேண்டும். தந்தை பெயரில் வாங்கி மகன் ஓட்டினால் அப்பாதுகாப்பு மகனுக்குக் கிட்டாது. அவனுக்கெனத் தனியே காப்பீடு எடுத்தல் வேண்டும்.

நாங்கள் மீண்டும் சம்பளத்துக்கு ஓட்டி, 2021 இல் ஒரு பழைய வண்டியை வாங்கினோம். இம்முறை முதலில் லோடு தேடினோம். பிறகே லாரி தேடினோம். போகவும் வரவும் நிலையான சரக்கு கிடைத்தது. ஆறு மாதத் தவணை வங்கியில் இருந்தது. கணக்கு நோட்டு அண்ணியார் கையில் இருந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

இளைஞர்களே! வாங்காதீர்கள் என்று நாங்கள் தடுக்கவில்லை. திரும்பி வரச் சரக்கு உண்டா? ஆறு மாதம் வண்டி நின்றால் தாங்குவோமா? வீட்டார் முழுக் கணக்கும் அறிவார்களா? மூன்றுக்கும் "ஆம்" எனில் துணிந்து வாங்குங்கள். ஒன்றுக்கேனும் "இல்லை" எனில் சற்றே பொறுங்கள். சம்பளத்துக்கு ஓட்டுவது இழிவன்று. அன்னையின் நகை அடகில் மூழ்குவதே துயரம்.