பிரேக் பின்னையும் பாருங்கள்



காரில் பிரேக் பேடு தேய்ந்தால் மாற்றுகிறார்கள். காலிப்பர் பின்னைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பல கார்களில் காலிப்பர் 2 பின்களின் மேல் நகரும். தூசியும் மழைநீரும் புகுந்தால் பின் துருப்பிடிக்கும். காலிப்பர் நகராது. ஒரு பக்கப் பேடு சீக்கிரம் தேயும். சக்கரம் சூடாகும். வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பேடு மாற்றும்போதே பின்னைக் கழற்றுங்கள். பழைய கிரீஸைத் துடையுங்கள். துரு அரித்திருந்தால் புதுப் பின் போடுங்கள். ரப்பர் உறை கிழிந்திருந்தால் மாற்றுங்கள். பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பவைக்கும். பேடிலும் டிஸ்க்கிலும் கிரீஸ் படக்கூடாது.

பிரேக் பெடல் கெட்டியாகும் வரை பலமுறை மிதியுங்கள். அதன்பிறகே வண்டியை நகர்த்துங்கள்.

வண்டியில் இருப்பவரும் சாலையில் நடப்பவரும் அந்தப் பிரேக்கைத்தான் நம்புகிறார்கள்.