குக்கர் வெடித்தால் அது விதியல்ல

(தருமபுரியில் மகளிர் சுயஉதவிக் குழுவினரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வீட்டில் குக்கர் வெடித்தால் நாம முதல்ல என்ன சொல்றோம்? "அந்தம்மா கவனமா இல்லை" என்கிறோம். இல்லாவிட்டால் "நேரம் சரியில்லை" என்கிறோம். அந்தக் குக்கரை யாரும் கேள்வி கேட்பதில்லை. இன்று அதைத்தான் கேட்கப் போகிறோம்.

குக்கருக்குள் ஆவி அடைபட்டு அழுத்தம் கூடுகிறது. அளவு மீறினால் வெயிட் தூக்கி, விசில் வழியாக ஆவி வெளியேறும். மொச்சையோ பருப்போ நுரைத்து அந்தத் துளையை அடைத்துவிட்டால்? அதற்குத்தான் மூடியில் சேஃப்டி வால்வு இருக்கிறது. சூடு எல்லை தாண்டினால் அதிலுள்ள உலோகம் உருகி, ஆவிக்கு வழிவிடும். அந்த வால்வு தரமில்லாததாக இருந்தால், அல்லது பழுது பார்த்தவர் அங்கே ஒரு போல்ட்டை முறுக்கி அடைத்திருந்தால், ஆவிக்கு வேறு வழியே கிடையாது. மூடிதான் பறக்கும். இதில் சமைத்தவர் தவறு எங்கே இருக்கு?

இதனால்தான் மத்திய அரசு, வீட்டு உபயோகக் குக்கர்கள் எல்லாம் ஐ.எஸ். 2347 தரத்தின்படி இருக்க வேண்டும் என்று 2020-ல் ஆணையிட்டது. 2021 பிப்ரவரி 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத குக்கரை விற்பதே சட்டப்படி குற்றம்.

ஆனாலும் விற்றார்கள். 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஓர் இணைய விற்பனைத் தளத்தில் விற்ற 2,265 தரமற்ற குக்கர்களைத் திரும்பப் பெற்று, பணத்தைத் திருப்பித் தரவும், 1 லட்சம் ரூபாய் அபராதம் கட்டவும் உத்தரவிட்டது. விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது.

அந்த 2,265 என்ற கணக்கு எப்படிக் கிடைத்தது? ஒவ்வொரு விற்பனைக்கும் பதிவு இருந்தது. நம்ம ஊர்ச் சந்தையில் பில் இல்லாமல் வாங்கிய குக்கருக்கு அப்படி எந்தக் கணக்கும் இல்லை. அது கெட்டது என்று நாளைக்குத் தெரிந்தாலும், உங்களைத் தேடி வந்து சொல்ல ஆளில்லை. ஐம்பது ரூபாய் குறையுதுன்னு பில்லை விட்டுவிடாதீங்க.

வாங்கும்போது முத்திரையையும், அதன் கீழே உள்ள உரிம எண்ணையும் பாருங்கள். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா, போலியா என்று தெரிந்துவிடும். வால்வு, கேஸ்கெட், வெயிட் மாற்றும்போது அதே கம்பெனிப் பொருளையே கேளுங்கள்.

அதையும் மீறி விபத்து நடந்தால், முதலில் அடுப்பை அணையுங்கள். வெந்த இடத்தில் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். பேஸ்ட், மை எதுவும் தடவ வேண்டாம். காயம் பெரிதென்றால் 108-ஐ அழையுங்கள். மருத்துவரிடம் "சுட்டுடுச்சு" என்று மட்டும் சொல்லாமல், எந்தப் பொருள், எப்படி வெடித்தது என்பதையும் சொல்லிப் பதியச் சொல்லுங்கள்.

வெடித்த குக்கரைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடாதீங்க! அதுதான் சாட்சி. படம் எடுத்து, மூடியோடு பத்திரமாக வையுங்கள்.

பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ம் பிரிவுப்படி, பலரையும் பாதிக்கும் இப்படிப்பட்ட விஷயத்தை மாவட்ட ஆட்சியரிடமே எழுத்து மூலம் புகாராகக் கொடுக்கலாம். விசாரித்து அறிக்கை அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு. பாப்பிரெட்டிப்பட்டியோ, பென்னாகரமோ, எங்கிருந்தாலும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்க வருகிறோமே, அதில் இதுவும் ஒரு மனுவாக இருக்கட்டும்.

இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால், அதே குக்கர் அடுத்த தெருவிலும் அடுப்பில் ஏறும். நீங்கள் எழுதும் ஒரு மனு, முகம் தெரியாத இன்னொரு வீட்டுப் பிள்ளையைக் காப்பாற்றும். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்கள் குக்கர் மூடியைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்.