இணையத்தில் துணை தேடலாமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வழங்கிய உரை)



இலவசமாகத் துணை தேட உதவும் அகப்பக்கங்களால் நன்மையா, தீமையா என்பது இன்றைய கேள்வி. முதலில் நன்மையைச் சொல்லிவிடுகிறேன்.

நாம் தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில் மாப்பிள்ளை தேடி அதிகம் அலையவில்லை. கோயில் திருவிழாவுக்கு வரும் பக்கத்துத் தோட்டத்து உறவினர், "எங்க பக்கம் ஒரு நல்ல பையன் இருக்கான்" என்பார். அந்தப் பையனின் பாட்டன் கதை வரை அவருக்குத் தெரியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோது அந்தத் தொடர்பு அறுந்துபோனது. இன்று ஷா ஆலமில் வேலை செய்யும் பெண் விடியுமுன் கிளம்பி இரவில்தான் வீடு திரும்புகிறாள். அவள் யாரை, எங்கே சந்திப்பாள்? கணவனை இழந்தவர், மணவிலக்குப் பெற்றவர், நாற்பதைத் தாண்டியவர் ஆகியோருக்காகத் தரகரிடம் போய்ப் பேசுவோரும் குறைவு.

அவர்களுக்கு இணையம் ஒரு கதவைத் திறக்கிறது. பிடித்தால் பேசலாம், பிடிக்காவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம். இப்படி அறிமுகமாகி நல்லபடியாக வாழும் தம்பதிகளை நான் அறிவேன்.

தீமை எங்கே இருக்கிறது? 'இலவசம்' என்ற சொல்லில்தான். 2003இல் கனடாவில் தொடங்கப்பட்ட 'பிளென்டி ஆஃப் ஃபிஷ்' விளம்பர வருமானத்தில் வளர்ந்த இலவசத் தளம். 2015இல் மேட்ச் குழுமம் அதை 57 கோடியே 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. இலவசக் கடைக்கு இவ்வளவு விலை எப்படி வந்தது? அங்கே கூடிய மனிதர்களாலும் அவர்கள் தந்த விவரங்களாலும்தான்.

இன்னொன்று, நமக்கு இலவசமான இடம் ஏமாற்றுபவனுக்கும் இலவசம். ஒரே ஆள் பத்துப் பெயரில் நுழைந்தாலும் அவனுக்கு ஒரு காசு செலவில்லை.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மையார், கணவரை இழந்தவர். வெளிநாட்டில் பொறியியலாளர் என்று சொன்ன ஒருவர் ஆறு மாதம் தினமும் "சாப்பிட்டாயா?" என்று கேட்டார். வீட்டில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. பிறகு ஒரு பரிசுப் பொட்டலம் அனுப்பியதாகவும், அது சுங்கத்துறையில் நிற்பதாகவும் செய்தி வந்தது. மூன்று முறை பணம் கட்டினார். கணவரின் சேமநிதிப் பணம் போனது. அவர் போலீசில் புகார் செய்யவே இல்லை. "பிள்ளைகளுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள்?" என்றார்.

அன்பர்களே, அந்த வெட்கம்தான் ஏமாற்றுபவனின் முதலீடு. பணம் போன உடனே 997 என்ற எண்ணுக்கு அழைத்தால், அது கைமாறுவதற்குள் தடுக்க வாய்ப்புண்டு. 2022இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண் அது. பணம் போடுமுன் அந்த வங்கிக் கணக்கைப் போலீசாரின் 'செமாக் மியூல்' அகப்பக்கத்தில் சரிபார்க்கலாம். ஆனால், அங்கே புகார் பதிவாகவில்லை என்பதால் மட்டும் நம்பிவிடாதீர்கள்.

துணை தேடுவோருக்குச் சொல்கிறேன். வீட்டு முகவரியும் அடையாள அட்டை எண்ணும் கொடுக்காதீர்கள். முதல் சந்திப்பு பலர் நடமாடும் இடத்தில் இருக்கட்டும். எங்கே போகிறீர்கள் என்பது ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். இன்று முகத்தையும் குரலையும்கூடப் போலியாக உருவாக்க முடிகிறது. ஆகவே, நேரில் பார்க்காதவர் பணம் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒருவர் இணையத்தில் துணை தேடுகிறார் என்று தெரிந்தால் ஏசாதீர்கள். ஏசினால் அவர் தேடுவதை நிறுத்தமாட்டார், உங்களிடம் சொல்வதைத்தான் நிறுத்துவார். அன்றைக்குத் தோட்டத்து உறவினர் விசாரித்துச் சொன்னார். இன்று அந்த வேலையைக் குடும்பம்தான் செய்ய வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து, "யாரம்மா அவர்? எனக்கும் காட்டு" என்று கேளுங்கள்.